நேற்று ராத்திரி எங்கே சாப்பிட்டாய்? நாடோடிக் கலைஞரைக் கதாபாத்திரமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் மாதத்தில் இரண்டு ஞாயிறு பகடை உருட்டுகிறோம். விளையாட்டு டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்தான்: ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை போட்டுக் கதையை நகர்த்துவது. பேச்செல்லாம் தமிழில். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் பாண்டியிலிருந்து பஸ் பிடித்து வந்தான். கதாபாத்திர விவரம் எழுதும் கேரக்டர் ஷீட்டை வீட்டிலேயே நிரப்பியிருந்தான். பெயர் ரிவன். பார்டு, அதாவது பாட்டுக்காரன். அப்பா அம்மா இல்லை. முதுகில் ஒரு வீணை. ஊர் ஊராகப் பாடித் திரிகிறவன். கடைசி வரியில் 'எதற்கும் கட்டுப்படாதவன்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான்.

"சரி தம்பி, ரிவன் நேத்து ராத்திரி எங்க சாப்பிட்டான்?"

"சத்திரத்துலண்ணா."

"காசு?"

"பாடினான்ல? சும்மா போட்டாங்க."

"என்ன பாட்டு? யாரு கேட்டா? போன வருஷமும் அந்த ஊர்ல பாடினானா?"

ஷீட்டைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் காலி. அன்று மூன்று மணி நேரம் ஆடினோம். ரிவன் இரண்டே முறை வாய் திறந்தான், இரண்டும் சண்டையில்.

தப்பு அவன் மேல் இல்லை. அந்த விளையாட்டின் 2014 விதிப்புத்தகத்தில் 'என்டர்டெய்னர்' என்ற பின்னணியை எடுத்தால், போகும் ஊரில் ஆடவும் பாடவும் ஓர் இடம் எப்போதும் கிடைக்கும், தங்கலும் சாப்பாடும் இலவசம் என்று விதியே இருக்கிறது. வசதிதான். ஆனால் கதை எங்கே பிறக்க வேண்டுமோ அந்த வாசலை அந்த ஒரு வரி சாத்திவிடுகிறது. நிலம் வைத்திருப்பவன் ஊரோடு மல்லுக்கு நின்றாலும் சாப்பிட்டுவிடுவான். கூத்தாடி நின்றால் பட்டினி. ஊர்ப் பெரியவர், மழை, அறுவடை, குழுவை நடத்தும் வாத்தியார், முன்பணம் என்று அவரைப் போல இத்தனை பேருக்குக் கட்டுப்பட்ட ஆள் உங்கள் கற்பனை உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பதுதான். நாவல் எழுதுகிறவர்களுக்கும் இதே படிகள் பொருந்தும், பகடையை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதல் படி: எந்த மாதிரி நாடோடி?

'ஊர் சுற்றுகிறவர்' என்பதற்குள்ளேயே மூன்று தனித்தனி வாழ்க்கை இருக்கிறது.

ஒன்று, சீசனுக்குக் கிளம்புகிறவர். நம் பக்கத்துத் தெருக்கூத்து ஜமாக்கள், அதாவது குழுக்கள், பெரும்பாலும் இப்படித்தான். சொந்த ஊர் உண்டு, வீடு உண்டு, சிலருக்குக் கொஞ்சம் நிலமும் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் மாதங்களில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள், ஐப்பசி மழைக்கு முன் வீடு திரும்புவார்கள். இந்தக் கதாபாத்திரத்துக்கு இரண்டு முகம்.

இரண்டு, கம்பெனி ஆள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபா என்று சிறுவர்களை வைத்தே ஒரு நாடகக் கம்பெனி தொடங்கினார். அந்த மாதிரிக் கம்பெனிகளில் வீட்டை விட்டு வந்த பையன்களுக்குக் கம்பெனியே குடும்பம், முதலாளியே விதி. பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அதுவரை கட்டிய வேஷம் கைவிட்டுப் போகும். யோசித்துப் பாருங்கள்: பதினாலு வயது, ராஜபார்ட், ஒரு நாள் காலையில் எழுந்தால் குரல் இல்லை. தலையெழுத்து, சாபம் என்று எதுவும் தேட வேண்டாம், இதுவே போதும். சுவாமிகள் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம், கண்மூடியது 1922-ல் புதுச்சேரியில். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி தோன்றும், அதை நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் கலைஞர் பாதி வழியில் செத்தால் எந்த ஊர் மண் கொடுக்கும்?

மூன்று, குடும்பத்தோடு தெருவிலேயே இருப்பவர். கழைக்கூத்தாடி, பூம்பூம் மாட்டுக்காரர், பகல்வேஷக்காரர். இவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. வழக்கமாகக் கூடாரம் போடும் புறம்போக்குதான் ஊர். ஒரு வருஷம் அங்கே வேலி போட்டுவிட்டார்கள் என்றால் அதுவே உங்கள் முதல் அத்தியாயம்.

இந்த மூன்றையும் கலக்காதீர்கள். கலந்தால் ரிவன்தான் வருவான்.

இரண்டாம் படி: சுற்றுப்பாதை

'எங்கும் போவான்' என்பவன் எங்கேயும் போக மாட்டான். ஏழெட்டு ஊர் எழுதுங்கள். ஒவ்வோர் ஊருக்கும் எதிரே மூன்று விஷயம்: எந்த மாதம் போவார், யார் கூப்பிடுகிறார், என்ன சாப்பாடு.

சாப்பாடு என்றதும் சிரிக்க வேண்டாம். இந்த வேலையைச் சங்க காலத்திலேயே செய்து வைத்துவிட்டார்கள், அதுவும் நம் ஊருக்குப் பக்கத்திலேயே. சிறுபாணாற்றுப்படை 269 அடிகள். நல்லியக்கோடன் என்ற மன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் பாணன் ஒருவன், பசியோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினம் போ, சுட்ட குழல்மீன் கிடைக்கும். வேலூர் (இன்றைய வேலூர் நகரம் இல்லை) போ, வேட்டுவப் பெண்களான எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் என்ற காட்டுமாட்டின் இறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் வெண்சோறும் நண்டும். அப்புறம் கிடங்கில் என்ற ஊர். எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனம் பக்கம் என்றும் ஆய்வாளர்கள் சொல்வார்கள். பாண்டியிலிருந்து ஈ.சி.ஆரில் ஒரு மணி நேரப் பயணம். வரைபடம், வழி, ஊருக்கு ஊர் மாறும் நிலம், கடைசியில் பரிசு தரும் தலைவன் எல்லாமே அதில் இருக்கிறது. ஒரு கேம் மாஸ்டருக்கு வேறென்ன வேண்டும்?

தூரத்தையும் நிஜமாக வையுங்கள். விதிப்புத்தகக் கணக்கில் சாதாரண நடையில் ஒரு நாளுக்கு 24 மைல், அதாவது சுமார் 39 கிலோமீட்டர். கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 22 கிலோமீட்டர்தான். அப்படியென்றால் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாமே என்பீர்கள். கூத்தாடி காலையில் கிளம்ப மாட்டார். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கிய ஆட்டம் விடியற்காலையில்தான் முடிகிறது. அதற்கப்புறம் வேஷம் கலைத்து, பெட்டி கட்டி, கொஞ்சம் தூங்கி, கூலி வாங்க ஆளைத் தேடி, வெயில் தாழ்ந்த பிறகு மாட்டு வண்டியில் கிளம்பினால் பத்து கிலோமீட்டர் போனாலே பெரிது. நடுவில் தென்பெண்ணை வேறு. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அக்கரை ஊரின் ஆட்டம் போச்சு, வாங்கிய முன்பணம் கடனாச்சு. மூன்று வரியில் ஒரு சாகசத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, ஒரு டிராகன்கூட தேவைப்படவில்லை.

மூன்றாம் படி: யார் சோறு போடுகிறார்?

கூத்துக்கு ஆள் பேசும்போது தாம்பூலம் வைப்பார்கள். வெற்றிலை பாக்கோடு முன்பணம். கை நீட்டி வாங்கினால் வார்த்தை கொடுத்த மாதிரி. இதை அப்படியே உங்கள் உலகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்: ஒரே நாளுக்கு இரண்டு ஊர்களில் தாம்பூலம் வாங்கிவிட்ட வாத்தியார், தாம்பூலம் வைத்துவிட்டு மறுநாளே இறந்துபோன தலைவர், தாம்பூலத்தில் வெற்றிலைக்குப் பதில் வேறேதோ இலை.

கடனை எழுதுங்கள். எவ்வளவு, யாருக்கு, எதற்காக. 'பரம்பரைப் பகை' என்பதைவிட 'முன்பணம் 40 வெள்ளி, தங்கச்சி கல்யாணத்துக்கு' என்பது மேஜையில் நன்றாக வேலை செய்கிறது.

பசியையும் எழுதுங்கள், ஆனால் மானத்தோடு சேர்த்து. அதே சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி. அடுப்பு எரியாத அடுக்களை. கண்கூடத் திறக்காத நாய்க்குட்டிகள் தாயின் வற்றிய முலையை இழுக்கின்றன, பொறுக்க முடியாமல் அந்த நாய் குரைக்கிறது. கிணைப் பறை கொட்டுகிறவனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேக வைக்கிறாள். சாப்பிடுவதற்கு முன்னால் கதவைச் சாத்துகிறாள். இந்தச் சாப்பாட்டை யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற வெட்கம். அப்புறம்தான் சுற்றத்தோடு உட்காருகிறாள். எனக்குத் தெரிந்து நாடோடிக் கலைஞரைப் பற்றி இதைவிடக் கூர்மையான காட்சி கிடையாது. அந்தச் சாத்திய கதவு உங்கள் கதாபாத்திரத்தில் எங்கே இருக்கிறது? சபையில் சிரிக்க வைக்கிறவர் யாருக்கும் காட்டாமல் எதைச் சாப்பிடுகிறார்?

பாணருக்குக் கிடைத்த பெரிய பரிசு பொன்னால் செய்த தாமரைப்பூ. அதை விற்றால் பெருமை போச்சு, விற்காவிட்டால் வயிறு காயும். விளையாட்டில் பரிசு கொடுக்கும்போது நூறு பொற்காசுக்குப் பதில் இப்படி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், ஆள் எப்படிப்பட்டவர் என்று அப்போது தெரியும்.

நான்காம் படி: ஒரே ஒரு வித்தை

பாடுவார், ஆடுவார், கத்தி விழுங்குவார், தீயில் நடப்பார் என்றெல்லாம் சேர்க்காதீர்கள். ஒன்று போதும், அதன் உள்விவரம் தெரிந்திருக்க வேண்டும். மாதிரிக்கு இரண்டு.

அர்ச்சுனன் தவம் செய்யும் 'அர்ச்சுனன் தபசு' கூத்தில் வேஷம் கட்டுகிறவர். கோயில் மைதானத்தில் உயரமான பனைமரத் தண்டை நட்டு, படி வைத்து, மேலே ஒரு பரண் கட்டுவார்கள். வேஷக்காரர் முழு அலங்காரத்தோடு பாடிக்கொண்டே ஏற வேண்டும். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்திக் காத்திருப்பார்கள். மேலிருந்து எலுமிச்சம்பழம், பூ, விபூதி விழும். மூச்சு ஏறுவதற்கா பாடுவதற்கா? பகடை விளையாட்டில் இதற்கு இரண்டு சோதனை ஒரே நேரத்தில் வைக்கிறேன். ஏறுவது தோற்றால் வழுக்கல், பாட்டு தோற்றால் சனத்தின் முணுமுணுப்பு. அவர் வீசிய பழத்தை வாங்கியவளுக்குப் பிறந்த குழந்தை பத்து வருஷம் கழித்து எதிரே வந்து நின்றால்? அதை நான் இன்னும் பயன்படுத்தவில்லை, நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தவர் கட்டியங்காரன். என்னைக் கேட்டால் பார்டு என்பதற்குச் சரியான தமிழ் இவர்தான். ராஜா வருகிறார் என்று அறிவிப்பவரும் இவரே, வந்த ராஜாவை 'நீ யாருய்யா?' என்று கேட்பவரும் இவரே. துரியோதனனிடம் பேசுகிற சாக்கில் ரோடு போடாத தலைவரை, தண்ணீர் விடாத ஆளைக் கிண்டல் அடித்துவிடுவார். தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துத்தான் ஆக வேண்டும். இதை 'களரி விதி' என்று எங்கள் விளையாட்டில் வைத்திருக்கிறோம்: ஆட்டக் களத்துக்குள் கட்டியங்காரன் யாரையும் என்னவும் சொல்லலாம், யாரும் கைவைக்க முடியாது. காலை களத்துக்கு வெளியே வைத்த நொடி அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒரு முறை எங்கள் ஆட்டக்காரி ஒருத்தி காவலர் துரத்தும்போது நடுத்தெருவில் வேட்டியைத் தரையில் விரித்து, 'இதுதான் களரி' என்று ஏறி நின்றுகொண்டாள். அனுமதிப்பதா வேண்டாமா என்று அரை மணி நேரம் சண்டை. அனுமதித்தேன்.

ஐந்தாம் படி: பெட்டிக்குள் என்ன?

கருவிகளைப் பட்டியல் போடும்போது எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டின் தொடக்கமே கூத்தர்கள் மூட்டை கட்டுவதுதான். முழவு, ஆகுளி, குழல் என்று வரிசையாகச் சொல்லி, பலாமரத்தில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்குவதுபோல் பைகளைச் சமமாகக் கட்டித் தோளில் சுமக்கிறார்கள் என்கிறது. சமமாக என்பதைக் கவனியுங்கள், மலை ஏறுகிறவனுக்கு அதுதான் முக்கியம்.

கூத்துப் பெட்டியில் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் என்று மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டிய சாமான்கள் இருக்கும். சலங்கை, முத்துவெள்ளை, செந்தூரம், மை, தேங்காயெண்ணெய். ஆறு பொருள் எழுதுங்கள், அதில் ஒன்று உடைந்தது, ஒன்று வேறொருவருடையது, ஒன்று அடகில் இருக்கிறது.

ஆறாம் படி: வேஷம் இறங்கிய பிறகு

பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் சித்திரை மாதம் கூத்துப் பார்த்தேன். அன்று துகில் ஆட்டம். துச்சாதனன் புடவையைப் பிடித்தபோது கூட்டத்தில் இரண்டு பெண்களுக்கு மருள் வந்துவிட்டது. பாஞ்சாலி வேஷம் கட்டியவர் ஐம்பதைத் தொட்ட ஆண். அழுத அழுகையில் எனக்குத் தொண்டை அடைத்தது. விடிந்ததும் டீ குடிக்கப் போனேன். பம்புசெட்டுத் தொட்டி ஓரம் அதே ஆள் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் இன்னும் சிவப்புப் புடவை. உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றிக் கன்னத்தில் தேய்க்க, வெள்ளை கரைந்து கழுத்தில் வழிந்தது, அடியிலிருந்து நரைத்த தாடி முள் முள்ளாக வெளியே வந்தது. போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "மல்லாட்டை புடுங்க ஆள் சொல்லிட்டியா இல்லியா?" என்று யாரையோ அதட்டினார். ஒரு கண்ணில் மை அப்படியே இருந்தது.

அந்த ஒரு கண்தான் கற்பனைக் கதைக்கு வழி. வேஷம் முழுக்க இறங்காவிட்டால்? வருஷக்கணக்காக ஒரே தெய்வத்தைக் கட்டுகிறவரிடம் அந்தத் தெய்வம் பாதி தங்கிவிட்டால்? மந்திரம் என்பதைப் பாட்டுக்காரரின் வீணையிலிருந்து வரவைப்பதைவிட இங்கிருந்து வரவைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. விதியும் எளிது: மந்திரம் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி வேஷம் ஏறும். கலைக்க எண்ணெயும் தண்ணீரும் ஒரு மணி நேரமும் வேண்டும். கலைக்க நேரம் இல்லாமல் ஐந்து புள்ளி சேர்ந்தால் அடுத்த முடிவை எடுப்பது நீங்கள் இல்லை, வேஷம்.

ஏழாம் படி: எல்லை

நாடோடி என்றால் எல்லை தாண்டியாக வேண்டும். இதற்கும் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், எந்த வயல் எந்த ஆட்சி என்று போர்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 1954 வரை புதுச்சேரி வயல் பிரெஞ்சுக்காரர் நிலம், 1947 வரை பக்கத்து வயல் ஆங்கிலேயர் நிலம். கடலூரில் தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயர் வாங்கியபோது பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை ஊர்கள் சேர்த்தி என்று பேச்சு. சுட்டார்கள், விழுந்த இடம் வரை எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயரை இன்றும் அந்தக் கதையோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். நான் இதைக் கற்பனை என்று எழுதியிருந்தால் 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அப்படிப்பட்ட நிலத்தில் கூத்து ஜமாவுக்கு என்ன நடக்கும்? ஒரு ராஜாவைப் பாடிய பாட்டு அடுத்த வயலில் ராஜத் துரோகம். ஆங்கிலேயர் 1876-லேயே நாடகத்தைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். உங்கள் உலகத்திலும் அனுமதிச் சீட்டு, அதைக் கொடுக்கும் எழுத்தர், அவருக்குக் கையூட்டு என்று வையுங்கள். ஜமாவிடம் ஒரே கதையின் இரண்டு முடிவு இருக்கட்டும், ஆற்றுக்கு இக்கரையில் ஒன்று, அக்கரையில் ஒன்று.

எட்டாம் படி: எதைச் செய்யக் கூடாது

இதில் நான் கொஞ்சம் கறார். கற்பனை இலக்கியத்தில் ஊர் சுற்றும் கூட்டம் என்றாலே திருடுவார்கள், குழந்தை பிடிப்பார்கள், சாபம் விடுவார்கள் என்று ஓர் அச்சு இருக்கிறது. அது ஐரோப்பாவின் ரோமா மக்களை வைத்து வார்த்த அச்சு. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் இந்தியப் பக்கமிருந்து போனவர்கள் என்று மொழியை வைத்தே கண்டுபிடித்த மக்கள் அவர்கள். டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸில் விஸ்தானி என்ற கூட்டம் அப்படித்தான் சித்திரிக்கப்பட்டது. எதிர்ப்பு வந்து, அதை மாற்றுவதாக வெளியீட்டாளர்களே 2020-ல் அறிவித்தார்கள்.

நமக்கு அந்த அச்சு வெளியூர்ச் சரக்கு இல்லை. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. பிறப்பை வைத்தே குற்றவாளி என்று பதிவு செய்தார்கள், ஊர் விட்டு ஊர் போகக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டியிருந்தது. நாடு முழுவதும் அது ஒழிந்தது 1952-ல்தான். ஆகவே உங்கள் கதையில் திருடர் கூட்டம் வேண்டுமென்றால் வையுங்கள், அதற்கு நிஜ சமூகத்தின் பெயரை வைக்காதீர்கள். ஓர் இனத்தையே திருட்டுக்கு 'போனஸ் 2' என்று விதியாக எழுதாதீர்கள். ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் கூடாரத்தைச் சோதிப்பார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். கூடாரத்துக்குள் உட்கார்ந்து எழுதுங்கள்.

ஒன்பதாம் படி: மேஜைக்கு வருவது

கூத்தில் முக்கிய வேஷம் திடீரென்று வந்து குதிக்காது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும், அப்புறம் பாட்டு, அதற்கும் அப்புறம்தான் திரை விலகும். முதல் நாள் ஆட்டத்தில் இதையே செய்யுங்கள். ஆட்டக்காரர் முகத்துக்கு முன் ஒரு துண்டைப் பிடித்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் கட்டியங்காரனாகக் கேட்கட்டும்: நீ யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்த, யாருக்குக் கடன், போன தடவை இங்க வந்தப்ப என்ன பண்ணின? ஐந்துக்கும் பதில் சொன்ன பிறகுதான் துண்டு இறங்கும். கூச்சப்படுகிறவர்களுக்கு இது இன்னும் நன்றாக வேலை செய்கிறது, முகம் தெரியாதல்லவா.

பாண்டித் தம்பி இரண்டு வாரம் கழித்து வந்தான். ரிவனைக் கிழித்துப் போட்டுவிட்டு அல்லி என்று ஒருத்தியை எழுதியிருந்தான். ஜமாவில் திரை பிடிக்கிறவள். இன்னும் ஒரு வேஷமும் கொடுக்கவில்லை, ஆனால் எல்லாருடைய பாட்டும் மனப்பாடம். தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டான்.

"நேத்து ராத்திரி எங்க சாப்பிட்ட?" என்று ஆரம்பித்தேன்.

துண்டுக்குப் பின்னாலிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சாப்பிடல. வாத்தியார் வீட்ல இலை போட்டாங்க. உக்காந்தா இன்னொரு வருஷம் திரைதான் புடிக்கணும்."

பகடையை அவன் பக்கம் தள்ளினேன்.